சீனத்தில் தேநீர்ப் பழக்கம் தொடங்கியது எப்போது? போதிதர்மர் கதைக்கு ஆதாரம் உண்டா?

கடலோரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் உறவினர் குழுவில் ஒரு செய்தி சில நாட்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. காஞ்சியிலிருந்து சென்ற போதிதர்மர்தான் சீனர்களுக்குத் தேநீரை அறிமுகப்படுத்தினார் என்றும், தவத்தின்போது உறக்கம் வந்ததால் சினம்கொண்டு அவர் தம் கண்ணிமைகளை அறுத்தெறிந்தார் என்றும், அவை விழுந்த இடத்தில் முளைத்ததே தேயிலைச் செடி என்றும் அதில் எழுதியிருக்கிறது. மறுபுறம், கி.மு. 2737இல் ஷென்னோங் என்னும் பேரரசரின் கொதிநீர்ப் பாத்திரத்தில் காட்டு மரமொன்றின் இலைகள் காற்றில் பறந்துவந்து விழுந்ததால் தேநீர் பிறந்தது என்ற கதையையும் பல இடங்களில் படித்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையே மூவாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி இருக்கிறது.

எழுத்தாலோ அகழாய்வாலோ உறுதிசெய்யக்கூடிய மிகப் பழைய சான்று எது என்பதே என் கேள்வி. அக்காலத்தில் தேநீரை எப்படிக் காய்ச்சினார்கள், யார் குடித்தார்கள் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன். புராணத்தை நான் இகழவில்லை; வரலாறு எங்கே தொடங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ளவே விரும்புகிறேன்.

ஓலைச்சுவடி

கண்ணிமைக் கதையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். போதிதர்மர் சீனத்தில் வாழ்ந்ததாகக் கொள்ளப்படும் காலம் கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியும் 6ஆம் நூற்றாண்டின் முற்பகுதியும் ஆகும். அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சிச்சுவானில் தேயிலை காசுக்கு விற்கப்பட்டது. கண்ணிமைக் கதை பெரிதும் ஜப்பானில் வழங்கியது. 1690களின் தொடக்கத்தில் அங்கே தங்கியிருந்த எங்கெல்பெர்ட் கெம்ப்ஃபர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1712இல் வெளியிட்ட தமது நூலில் அதை எழுதிவைத்ததால் ஐரோப்பாவிலும் பரவியது.

சிச்சுவான் சான்று சுவையானது. கி.மு. 59இல் வாங் பாவோ என்னும் புலவர் எழுதிய 'அடிமை ஒப்பந்தம்' என்ற நகைச்சுவைப் படைப்பு இன்றும் கிடைக்கிறது. வாங் பாவோ ஒரு கைம்பெண்ணின் வீட்டில் விருந்தினராகத் தங்கியிருக்கிறார். மது வாங்கி வரும்படி அவ்வீட்டு அடிமையை ஏவுகிறார். 'மறைந்த எசமானர் என்னை வாங்கியபோது கல்லறையைக் காவல் காக்க வேண்டும் என்றுதான் ஒப்பந்தம். பிறத்தியாருக்கு மது வாங்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை' என்று அவன் மறுக்கிறான். எரிச்சலடைந்த புலவர் அவனை 15,000 காசுக்கு விலைக்கு வாங்கி, விடியல் முதல் நள்ளிரவு வரை அவன் செய்ய வேண்டிய வேலைகளை ஒன்றுவிடாமல் அடுக்கிப் புதிய ஒப்பந்தம் எழுதுகிறார். அந்த நீண்ட பட்டியலில் விருந்தினர் வந்தால் தேயிலை காய்ச்சிப் பாத்திரங்களைச் சரிவர வைக்க வேண்டும் என்றும், வூயாங் ஊருக்குப் போய்த் தேயிலை வாங்கிவர வேண்டும் என்றும் இரண்டு வரிகள் வருகின்றன. அவ்வரிகளில் வரும் சீன எழுத்து அந்தக் காலத்தில் தேயிலையை மட்டுமன்றிக் கசப்புக் கீரை ஒன்றையும் குறித்ததால், சில ஆய்வாளர் இவ்வரிகளை ஐயத்தோடு பார்க்கிறார்கள். ஆனால் வீட்டுக் கொல்லையில் கிடைக்கும் கீரைக்காக எவரும் வேறு ஊர்ச் சந்தைக்கு ஆள் அனுப்புவதில்லை என்ற மறுமொழி எனக்கு வலுவானதாகவே படுகிறது.

அடுத்த உறுதியான செய்தி மூன்று அரசுகளின் காலத்தைச் சேர்ந்தது. தென்பகுதியில் இருந்த வூ அரசின் கடைசி மன்னன் சுன் ஹாவ், கி.பி. 264 முதல் 280 வரை ஆண்டவன். தன் விருந்துகளில் ஒவ்வொருவரும் குறிப்பிட்ட அளவு மது குடித்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தியவன். வரலாற்றாசிரியர் வெய் ஷாவ் என்பவருக்கு மது அவ்வளவாக ஆகாது. தொடக்கத்தில் அவர்மேல் மதிப்பு வைத்திருந்த மன்னன், மதுவுக்குப் பதிலாக அவருடைய கோப்பையில் இரகசியமாகத் தேநீரை ஊற்றச் செய்தான். பிறர் கண்ணுக்கு மதுவாகவே தோன்றியிருக்க வேண்டும் என்பதிலிருந்து அப்பானத்தின் நிறத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். (அந்த மதிப்பு நீடிக்கவில்லை; அதே மன்னன் பின்னர் வெய் ஷாவைக் கொன்றுவிட்டான்.)

போதிதர்மரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவர் பெயர் இடம்பெறும் மிகப் பழைய நூல் கி.பி. 547இல் யாங் சுவான்ஜி எழுதிய 'லுவோயாங் மடங்களின் பதிவு'. அதில் அவர் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்றே குறிக்கப்படுகிறார். தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்னும் செய்தி தன்லின் என்பவர் எழுதிய முன்னுரையில் இருக்கிறது. காஞ்சி என்பது அதற்கும் பிந்தைய நூல்களில் வரும் ஒரு பெயருக்குத் தரப்படும் விளக்கம். அதே லுவோயாங் நூலில் தேநீரும் வருகிறது, போதிதர்மரோடு எவ்விதத் தொடர்பும் இல்லாமல். தெற்கிலிருந்து தப்பி வடக்கு வெய் அரசில் அடைக்கலம் புகுந்த வாங் சு என்னும் அதிகாரி, ஆட்டிறைச்சியையும் புளித்த பால் பானத்தையும் தொடாமல், மீன் சாறும் தேநீருமாகவே வாழ்ந்தாராம். அவர் தேநீர் குடிக்கும் அளவைப் பார்த்த தலைநகர மக்கள் அவருக்கு 'ஓட்டைக் கோப்பை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அரண்மனை விருந்தில் அவர் ஆட்டிறைச்சியை உண்டு பால் பானமும் குடிப்பதைக் கண்டு பேரரசர் வியந்து கேட்டபோது, தேநீர் அந்தப் பால் பானத்துக்கு அடிமையாக இருக்கத்தான் தகுதியுள்ளது என்று வாங் சு முகத்துதியாகச் சொல்லிவிட்டார். அதன்பிறகு வடக்கில் தேநீருக்குப் 'பாலின் அடிமை' என்ற கேலிப் பெயரே நிலைத்தது.

ஆகவே போதிதர்மரின் காலத்தில் தேநீர் தெற்குச் சீனர்களின் அன்றாடப் பழக்கம். வடக்கத்திய பிரபுக்களுக்கு அது நகைப்புக்குரிய பொருள். வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுக்க வேண்டிய தேவையே அங்கு இருக்கவில்லை.

மண்ணடுக்கு

எழுத்துச் சான்றுகளை ஓலைச்சுவடி அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவற்றை நான் சேர்க்கிறேன்.

ஹான் வம்சத்துப் பேரரசர் ஜிங் கி.மு. 141இல் இறந்தார். இன்றைய ஷியான் நகருக்கு அருகிலுள்ள அவருடைய கல்லறை வளாகத்தில், மறுமை வாழ்வுக்கென்று பொருள்களைப் புதைத்திருந்த குழிகளுள் ஒன்றில், நெல், தினை வகைத் தானியங்களோடு மக்கிப்போன இலைக் குவியலும் கிடைத்தது. 2016இல் வெளியான ஆய்வில் அதில் காஃபீனும் தியானின் என்னும் அமினோ அமிலமும் இருப்பது உறுதிசெய்யப்பட்டது. காஃபீன் வேறு தாவரங்களிலும் உண்டு. தியானின் தேயிலையினத்துக்கே பெரிதும் உரியது என்பதால் இரண்டும் சேர்ந்திருப்பது வலுவான சான்று. அவை பெரும்பாலும் முற்றாத தளிர் மொட்டுகள் என்பது இன்னும் குறிப்பிடத்தக்கது. அரண்மனைக்கு வந்தது தேர்ந்தெடுத்த சரக்கு. அதே ஆய்வு, மேற்குத் திபெத்தின் ங்காரி பகுதியில் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை ஒன்றிலும் தேயிலையைக் கண்டறிந்தது. தேயிலை விளையவே விளையாத, கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ள அப்பகுதிக்கு அது வணிகத்தின் வழியாகவே சென்றிருக்க முடியும்.

அதைவிடப் பழையது ஷாண்டோங் மாநிலத்தின் சோசெங்கில் கிடைத்தது. அங்குள்ள கல்லறை ஒன்றில் இருந்த கிண்ணத்தின் எச்சம், காய்ச்சி எடுத்த பின் மிஞ்சிய தேயிலைச் சக்கை என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. காலம் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன், அதாவது போரிடும் அரசுகளின் தொடக்கக் காலம். கிண்ணத்தில் சக்கை கிடப்பதால், இது குடித்ததற்கான சான்று என்று கொள்வதற்கு இடமுண்டு. பேரரசர் ஜிங்கின் குழியில் கிடைத்த மொட்டுகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. அவை மருந்தாகவோ உணவாகவோகூட இருந்திருக்கலாம்.

ஜெஜியாங்கின் தியன்லுவோஷான் அகழாய்வில் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய தேயிலை வேர்கள் கிடைத்ததாக 2015இல் செய்தி வந்தது. மனிதர் நட்டுவைத்த மரங்களின் வேர்கள் என்பது அகழ்ந்தவர்களின் கருத்து. ஆனால் வேர் கிடைத்ததை வைத்து எவரோ இலையைக் காய்ச்சிக் குடித்தார் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

ஷென்னோங்கைப் பொறுத்தவரை, அவர் உழவையும் மருத்துவத்தையும் மக்களுக்குத் தந்தவராகப் போற்றப்படும் தொன்மத் தலைவர். அவர் பெயரில் வழங்கும் மூலிகை நூலே ஹான் காலத்தை ஒட்டித் தொகுக்கப்பட்டதுதான். கி.மு. 2737 என்ற ஆண்டு, தொன்ம அரசர்களின் ஆட்சிக்காலங்களைப் பிற்காலத்தவர் கணக்கிட்டுப் பெற்றது. அவ்வளவு துல்லியமாக ஒரு தேதி சொல்லப்படுவதே ஐயத்தைக் கிளப்ப வேண்டும்.

கடலோரன்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் இன்னொரு ஐயம். சிச்சுவானிலும் தெற்கிலும் மட்டும் இருந்த ஒரு பழக்கம், வடக்கத்தியர் கேலிசெய்த ஒரு பானம், நாடு முழுவதற்கும் உரியதாக மாறியது எப்படி? லூ யு என்பவர்தான் அதற்குக் காரணம் என்று படித்தேன். அவர் என்ன செய்தார்?

கொழுந்துக்கூடை

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவன் என்ற முறையில், லூ யு எழுதிய நூலின் தொடக்கமே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. தேயிலை என்பது தெற்கின் சிறந்த மரம் என்றும், அது பல பத்தடி உயரம்கூட வளரும் என்றும், பா மலைப்பகுதியில் இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமனுள்ள மரங்கள் உண்டு என்றும், அவற்றின் கிளைகளை வெட்டித்தான் இலை எடுக்க வேண்டும் என்றும் அவர் எழுதுகிறார். கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்திய செடிகளை மட்டுமே பார்த்த நமக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் தேயிலை இயல்பில் மரம்தான்.

லூ யு கி.பி. 733இல் இன்றைய ஹூபெய் மாநிலத்தின் டியன்மென்னில் பிறந்தவர். கைவிடப்பட்ட குழந்தையாகக் கிடைத்த அவரைப் பௌத்த மடத்தின் தலைவர் எடுத்து வளர்த்தார். மடத்தின் கட்டுப்பாடு பிடிக்காமல் ஓடி, சிலகாலம் நாடகக் குழுவில் கோமாளி வேடம் கட்டினார். 755இல் தொடங்கிய அன் லூஷான் கலகத்தில் வடபகுதி சீர்குலைந்தபோது, இலட்சக்கணக்கானவர்களைப் போலவே அவரும் தெற்கே பெயர்ந்து, தேயிலைக்குப் பெயர்பெற்ற ஹுஜோ பகுதியில் குடியேறினார். அங்கே கவிஞரும் துறவியுமான ஜியாவோரான் அவருக்கு நெருங்கிய நண்பரானார். 760களில் எழுதத் தொடங்கி 780 வாக்கில் முடிந்த 'சா ஜிங்' என்னும் தேநீர் நூல், மூன்று சுருள்களும் பத்து இயல்களும் ஏறத்தாழ ஏழாயிரம் எழுத்துகளும் கொண்ட சிறிய படைப்பு. தேயிலைக்கென்றே எழுதப்பட்ட முதல் நூல் அதுதான்.

அக்காலத் தயாரிப்பை அவர் விரிவாகவே சொல்கிறார். மழையில்லாத நாளில் கொழுந்து பறித்து, ஆவியில் வேகவைத்து, உரலில் இடித்து, அச்சில் அழுத்தி வில்லையாக்கி, நெருப்பில் வாட்டி, கோத்து, கட்டிவைப்பார்கள். ஆவியில் வேகவைத்ததும் இலை கறுப்பதற்குக் காரணமான நொதிகள் செயலிழந்துவிடும். ஆகவே அது பச்சைத் தேயிலை. நம் ஊர்களில் உலர்த்தி, அரைத்து, புளிக்கவைத்து எடுக்கும் கறுப்புத் தேயிலை அப்போது கிடையாது.

குடிக்கும்போது வில்லையை மீண்டும் அனலில் வாட்டி, மணம் போகாமல் இருக்கத் தடித்த காகித உறையில் இட்டு ஆறவிட்டு, உருளையால் பொடித்துச் சலித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் மூன்று முறை கொதிநிலை மாறுவதை அவர் கணக்கில் எடுக்கிறார். மீன்கண் போன்ற குமிழிகள் எழுவது முதல் நிலை; அப்போது சிறிது உப்பு. ஓரங்களில் முத்துச்சரம்போலக் குமிழிகள் வருவது இரண்டாம் நிலை. அப்போது ஓர் அகப்பை நீரை எடுத்து வைத்துவிட்டு, மூங்கில் கோலால் சுழற்றியபடி பொடியைத் தூவ வேண்டும். அலையடித்துப் பொங்கும் மூன்றாம் நிலையில், எடுத்துவைத்த நீரை ஊற்றி அடக்க வேண்டும். மேலே திரளும் நுரைதான் தேநீரின் உயிர் என்பது அவர் கொள்கை. கிண்ணங்களுக்குப் பங்கிடும்போது நுரையும் சமமாகப் போய்ச் சேர வேண்டும் என்கிறார். தண்ணீரில் மலை ஊற்று முதல்தரம், ஆற்று நீர் அடுத்தது, கிணற்று நீர் கடைசி.

அவருக்கு முந்தைய பழக்கம் வேறு. மூன்றாம் நூற்றாண்டின் நூலொன்றை மேற்கோள் காட்டி, வில்லையை இடித்துக் கொதிநீர் ஊற்றி, வெங்காயத் தாள், இஞ்சி, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றைக் கலந்து குடித்த முறையை லூ யு பதிவுசெய்கிறார். ஏறக்குறைய நம் ரசத்துக்கும் கஷாயத்துக்கும் இடைப்பட்ட ஒன்று அது. புதினாவும் பேரீச்சை போன்ற பழங்களும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் அந்த வழக்கம் அவர் காலத்திலும் தொடர்ந்ததைக் கண்டு, அது சாக்கடையில் கொட்டும் தண்ணீர் என்று கடுமையாகவே எழுதியிருக்கிறார். ஆனால் உப்பை மட்டும் அவர் விடவில்லை என்பது எனக்குச் சற்றுச் சிரிப்பை வரவழைத்தது. 1987இல் ஷான்ஷி மாநிலத்தின் ஃபாமென் விகாரையில், 874இல் மூடப்பட்ட நிலவறையைத் திறந்தபோது கிடைத்த அரண்மனைத் தேநீர்க் கருவிகளைப் பார்த்தால் அவர் எழுதியது ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பது புரியும். பொன்முலாம் பூசிய வெள்ளியில் செய்த பொடிக்கும் கருவியும் சல்லடையும் உப்புச் சிமிழும் அங்கே இருந்தன.

கணக்கப்பிள்ளை

லூ யுவின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் ஒரு நூல் ஒரு நாட்டின் வாயைப் பழக்கியது என்பதை ஏற்கத் தயங்குகிறேன். அவர் எழுதத் தொடங்குவதற்கு முன்பே வடக்கு மாறிவிட்டது என்பதற்கு, அவருக்குச் சற்றே பிந்திய ஃபெங் யான் என்னும் அதிகாரியின் குறிப்பே சாட்சி. 713 முதல் 741 வரையிலான கைய்யுவான் ஆட்சிக்காலத்தில், தாய் மலையின் லிங்யான் மடத்தில் சான் (ஜப்பானில் ஜென்) பௌத்த ஆசிரியர் ஒருவர் தியானம் கற்பித்தார். மாணவர்கள் உறங்கக் கூடாது, மாலை உணவும் கூடாது. தேநீர் மட்டும் குடிக்கலாம். அவர்கள் போகுமிடமெல்லாம் தேயிலையை எடுத்துச்சென்று காய்ச்சினார்கள், பார்த்தவர்களும் பழகிக்கொண்டார்கள். ஷாண்டோங் முதல் தலைநகரம் வரை ஊர்தோறும் தேநீர்க் கடைகள் திறந்தன. துறவியும் இல்லறத்தாரும் காசு கொடுத்து வாங்கிக் குடித்தார்கள் என்று அவர் எழுதுகிறார். தெற்கிலிருந்து தேயிலை படகுகளிலும் வண்டிகளிலும் வந்து மலையாகக் குவிந்தது என்பதும் அவர் வாக்கே. சுய் வம்சத்தார் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய பெருங்கால்வாய் இல்லாமல் இவ்வளவு சரக்கு வடக்கே போயிருக்காது. போதிதர்மரைத் தங்கள் முதல் ஆசானாகக் கொண்ட சான் மரபினரே தேநீரை வடக்கில் பரப்பினார்கள் என்பதால், அவர் பெயரோடு தேயிலையைப் பிணைக்கும் கதை ஏன் உருவானது என்பதும் இதிலிருந்து விளங்கும்.

எது உண்மையில் நாட்டுப் பழக்கமாகிவிட்டது என்பதை அறிய வரிப் பதிவேட்டைப் பார்ப்பதே என் வழக்கம். தாங் அரசு 782இல் மரம், மூங்கில், அரக்கு ஆகியவற்றோடு தேயிலைக்கும் பத்தில் ஒரு பங்கு வரி விதித்துச் சிறிது காலத்தில் கைவிட்டது. 793இல் தேயிலைக்கென்றே மீண்டும் விதித்தது. அதனால் ஆண்டுக்கு நான்கு இலட்சம் காசுச் சரங்கள் கிடைத்தன. ஒரு சரம் என்பது ஆயிரம் காசு. பொழுதுபோக்குப் பொருளுக்கு இவ்வளவு வரி தேறாது. 835இல் வாங் யா என்னும் அமைச்சர் இன்னும் ஒரு படி மேலே போய், குடியானவர்களின் தேயிலைச் செடிகளைப் பெயர்த்து அரசுத் தோட்டங்களில் நடவும், அவர்கள் இருப்பு வைத்திருந்த தேயிலையை எரிக்கவும் ஆணையிட்டார். மக்கள் கொதித்துப்போனார்கள். அதே ஆண்டில் அரண்மனைக் கலவரத்தில் அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டபோது, வேடிக்கை பார்த்த கூட்டம் தேயிலை ஆணையைச் சொல்லி வசைபாடியபடி அவர்மீது ஓட்டுத் துண்டுகளையும் கற்களையும் வீசியது.

லூ யுவுக்குச் சேர வேண்டிய புகழ் சந்தையிலேயே வேறு விதமாகச் சேர்ந்தது. கோங் வட்டத்துக் குயவர்கள் அவருடைய உருவத்தைப் பீங்கானில் சிறு பொம்மையாகச் செய்து, தேநீர்ப் பாத்திரங்களை மொத்தமாக வாங்குபவருக்கு ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். தேயிலை வணிகர்கள் அதைக் கடையில் வைத்துக்கொள்வார்கள். வியாபாரம் மந்தமானால் அதன் தலையில் வெந்நீரை ஊற்றுவார்கள்.

கடலோரன்

கணக்கப்பிள்ளை அவர்களின் விளக்கத்தோடு என் முதல் கேள்வி தீர்ந்துவிட்டது. கடைசியாக ஒன்று: வில்லையும் பொடியும் போய், இலையை அப்படியே வெந்நீரில் ஊறவைக்கும் முறை எப்போது வந்தது?

ஓலைச்சுவடி

சுருக்கமாகச் சொல்கிறேன். சுங் வம்சக் காலத்தில் (960–1279) பொடியைக் கொதிநீரில் போட்டுக் காய்ச்சுவது குறைந்து, கிண்ணத்திலேயே பொடியை இட்டு வெந்நீர் ஊற்றி மூங்கில் துடைப்பத்தால் அடித்து நுரைக்கவைக்கும் முறை ஓங்கியது. வெண்ணுரை எடுப்பாகத் தெரிவதற்காக ஃபூஜியனின் கறுப்புக் கிண்ணங்கள் விரும்பப்பட்டன. பேரரசர் ஹுயிசோங் தாமே 1107 வாக்கில் தேநீரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வில்லையாக அழுத்தாமல் உதிரி இலையாக விற்பதும் குடிப்பதும் மக்களிடையே முன்பே இருந்தது. ஆனால் அரண்மனை வில்லைத் தேயிலையையே திறையாகக் கேட்டது. மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வு பேரரசர், ஏழைக் குடியில் பிறந்தவர், வில்லை செய்வதில் மக்களின் உழைப்பு வீணாகிறது என்று 1391இல் அதை நிறுத்தி, இலையையே திறையாக அனுப்பும்படி ஆணையிட்டார். அதன்பின் பொடித்து நுரைக்கவைக்கும் கலை சீனத்தில் படிப்படியாக மறைந்தது. 1191இல் துறவி எய்சாய் சீனத்திலிருந்து திரும்பியபோது எடுத்துச்சென்ற வழியில் ஜப்பானில் மட்டும் அது இன்றுவரை தொடர்கிறது.